நெற்றி மட்டமா, மணிக்கட்டு மட்டமா?

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கு யாவரும் நலம். அங்கு உன் நலம் அறிய ஆவல். இந்த இரண்டாவது வரியை எல்லோரும் வழக்கத்துக்காக எழுதுவார்கள். நான் வழக்கத்துக்காக எழுதவில்லை.

நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. எப்போதும் அனுப்புவதைவிடக் கூடுதலாக இருக்கிறது. எதற்கு என்று நீ சொல்லவில்லை, அதனால் நானும் எடுக்கவில்லை. வைகாசித் திருவிழாவுக்கும் வரவில்லை, ஆடிக்கும் வரவில்லை, அதற்கு ஈடாகத்தான் அனுப்பியிருக்கிறாள் என்று உன் அம்மா சொல்கிறாள். திருவிழாவுக்கு வராத பிள்ளைக்கு அபராதம் போடுகிற வழக்கம் நம் வீட்டில் எப்போது வந்தது?

ஒரு காரியமாக எழுதுகிறேன். எனக்கு உன்னிடமிருந்து ஓர் அளவு வேண்டும். போனில் கேட்டால் "அப்புறம் சொல்கிறேன் அப்பா" என்று வைத்துவிடுகிறாய். கேட்டது என்ன என்றுகூடக் காதில் வாங்குவதில்லை. அதனால்தான் கடிதம். அளவு எதற்கு என்பதை முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

வடக்குக் கொல்லைப் பூவரசை நீ மறந்திருக்க மாட்டாய். 2018 நவம்பர் 16 விடியற்காலையில், வேதாரண்யத்துப் பக்கம் கரையேறிய கஜா நம் ஊரை மிதித்துக்கொண்டு போனபோது, பாதி வேர் வெளியே தெரிய வேலிப் பக்கம் சாய்ந்த மரம். பேராவூரணியிலிருந்து பட்டுக்கோட்டை வரை தென்னை விழுந்து கிடந்த கிடையில் ஒரு பூவரசுக்காக யார் அழப்போகிறார்கள்? அறுத்து விறகாக்கிவிடு என்று உன் பெரியப்பா சொன்னார். நான் கேட்கவில்லை. தென்னைக்கு ஒரே குருத்து, தலை போனால் மரம் போயிற்று. பூவரசுக்கு உடம்பெல்லாம் முளை. வெட்டிய போத்தை வேலிக்கு ஊன்றினாலே துளிர்க்கிற மரம், ஒரு பக்கத்து வேர் மண்ணுக்குள் இருக்கும்போது செத்துவிடுமா? அடுத்த வெயில் காலத்துக்குள் சாய்ந்த தண்டின் முதுகிலிருந்து வரிசையாகப் போத்துகள் கிளம்பின. உன் பெரியப்பா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சாய்ந்த தண்டிலிருந்து கிளம்புகிற போத்து செங்குத்தாக மேலே போகும். கம்பு செய்கிறவனுக்கு அதுதான் வேண்டும். கிடையாக வளர்ந்த கிளை பார்க்க நேராகத்தான் இருக்கும், ஆனால் அதை நம்பக் கூடாது. தன் பாரத்தைத் தானே தாங்குவதற்காக அது மேல்பக்கத்து நாரை இழுத்துக் கட்டி வைத்திருக்கிறது. அறுத்துக் காயவைத்தால் அந்தப் பக்கம் நீளவாக்கில் கூடுதலாகச் சுருங்கும், கம்பு வில்லாகிவிடும். இழைப்புளி போட்டாலும் அந்த இடம் வழவழப்பாக வராமல் நார் பிசிறு பிசிறாக எழும்பும். நேராக வளர்ந்த போத்தில் இந்த வம்பு இல்லை. வேறு வம்பு இருக்கிறது. சாதாரணக் கிளை பிறந்த நாளிலிருந்து தண்டோடு தண்டாக உள்ளே பின்னிக்கொண்டு வளர்வது. சாய்ந்த பிறகு முளைத்த போத்து பட்டைக்குக் கீழே மேலாக ஒட்டிக்கொண்டு நிற்பது. கனம் ஏறிவிட்டால் ஒரு நல்ல மழைக்குத் தாங்காது.

சென்ற கார்த்திகையில், ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறுவதற்கு முன்பு நம் பக்கம் கொட்டிய மழையில், அப்படித்தான் ஒரு போத்து அடியோடு பெயர்ந்து வாய்க்காலில் விழுந்து கிடந்தது. நான் வெட்டவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த மரத்துக்காக நீ ஒரு காலத்தில் என்னோடு பேசாமல் இருந்தவள்.

அடியில் இரண்டரை அங்குலம். ஆறடிக்கு மேலே போயும் ஒன்றரைக்குக் குறையவில்லை. கணுவும் குறைவு. நல்ல கட்டையைப் பார்த்தால் கை சும்மா இருப்பதில்லை என்று உன் அம்மா திட்டுவாளே, அந்தத் திட்டை மழையிலேயே நின்று வாங்கிக்கொண்டு இழுத்து வந்தேன். அப்போது அது யாருக்கு, எதற்கு என்றெல்லாம் எனக்குத் தெரியாது. பழனிக்கு நடக்கிறவர்கள் யாராவது கேட்டால் கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

முதலில் குளத்தில் போட்டுக் கல்லைக் கட்டி அமுக்கி வைத்தேன். பூவரசில் வைரம் பாய்ந்த பாகத்தைப் பூச்சி தொடாது. ஆனால் ஆறு வருடப் போத்தில் வைரம் எவ்வளவு இருக்கும்? நடுவில் விரல் பருமனுக்குத்தான் ஓடியிருக்கும், சுற்றிலும் வெள்ளை. வெள்ளையில் இருக்கிற மாவுச்சத்தைத் தின்னத்தான் உளு வருகிறது. தண்ணீரில் ஊறவிட்டால் அந்தச் சத்து கரைந்துவிடும், உளுவுக்கு அப்புறம் அங்கே சோறு கிடையாது. தேய்பிறையில் வெட்டிய மரம் உளுக்காது என்பார் உன் தாத்தா. மழையில் தானாக விழுகிற மரத்திடம் பிறை பார்த்து விழு என்று யார் சொல்வது?

ஊறிய கட்டையைக் கரையேற்றியபோது எழுந்த நாற்றத்தைப் பற்றி உன் அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள். அதையாவது கேட்டாயா?

பிறகு இரண்டு முனையிலும் மெழுகை உருக்கிப் பூசினேன். தாத்தா சாணி பூசுவார். முனை வழியாக ஈரம் வெளியேறும் வேகம், பக்கவாட்டில் வெளியேறுவதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். முனை காய்ந்து சுருங்குகிற நேரத்தில் உள்ளே ஈரம் இருக்கும், அப்போதுதான் வாய் பிளக்கும். பட்டையையும் முழுதாக உரிக்கவில்லை, இடைவெளி விட்டு வரிவரியாக உரித்தேன். பட்டறைப் பரணில், நிழலில், காற்று வந்து போகிற இடத்தில் கிடத்தினேன். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயுமே என்று உன் தம்பி கேட்டான். இத்தனை வருடம் தச்சன் வீட்டில் சோறு தின்றவன் கேட்கிற கேள்வி! மரம் வளையத்தை ஒட்டிச் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு பங்கு. மெதுவாகக் காய்ந்தால் அது சமாளித்துக்கொள்ளும். அவசரப்படுத்தினால் நடுக் குருத்திலிருந்து மேல்தோல் வரை ஒரு கீற்று ஓடிவிடும், அதற்குப் பிறகு எந்தப் பசையும் உதவாது. எலும்பு கூடுவதும் அப்படித்தான், சரியாகக் கூடுவதற்கு முன்னால் பாரத்தைப் போட்டால் பிறகு ஆயுசுக்கும் வலி.

எலும்பு என்று பொதுவாகச் சொன்னேன்.

மளிகைக் கடைத் தராசில் அவ்வப்போது நிறுத்துப் பார்த்து, எடையைப் பட்டறைச் சுவரில் எழுதி வந்தேன். எடை இறங்கிக்கொண்டே இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். ஆடிக் கடைசியில் இறங்குவது நின்றது. மேலே மூன்றில் ஒரு பங்கில் சின்னதாக ஒரு வளைவு இருந்தது. ஈரச் சாக்கைச் சுற்றி, கொட்டாங்கச்சித் தணலுக்கு மேலே திருப்பித் திருப்பிக் காட்டினேன். சூடும் ஈரமும் சேர்ந்தால் மரம் இளகும். இளகிய கையோடு இரண்டு முளைகளுக்கு நடுவே செருகி வளைத்துக் கட்டி, ஆறும்வரை விட்டேன். இப்போது தரையில் உருட்டினால் தட்டாமல் உருள்கிறது.

இழைப்புளியை அதிகம் போடவில்லை. பெரிய கட்டையில் கிழித்து எடுத்த கம்பில் நார் எங்காவது குறுக்கே ஓடி வெளியே வந்துவிடும், ஒடிவது அந்த இடத்தில்தான். இது முழுப் போத்து. அடியிலிருந்து நுனி வரை நார் அறுபடாமல் ஓடுகிறது. அதை ஏன் நாமே அறுக்க வேண்டும்? கணுக்களை மட்டும் தட்டி எடுத்துவிட்டு, உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டி, உப்புத்தாளை முரடு முதல் சன்னம் வரை வரிசையாகப் போட்டேன். நடுவில் ஒருமுறை ஈரத் துணியால் துடைத்துக் காயவிட்டால், படுத்துக் கிடக்கிற சிராயெல்லாம் எழுந்துகொள்ளும், மறுபடி தேய்த்தால் பிறகு எழாது. உன் கைக்கு ஒரு சிராய்கூட ஏறாது, அதற்கு நான் பொறுப்பு. வார்னிஷ் வேண்டாம் என்று விட்டேன். பார்க்கப் பளபளப்பாக இருக்கும், வியர்த்த கையில் வழுக்கும். ஆளிவிதை எண்ணெய்தான் ஊட்டுகிறேன். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட உன் தம்பியை விடவில்லை, அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போட்டிருக்கிறேன். உன் அம்மா அதைக் கரித்துணி என்று அடுப்படிக்கு எடுத்துப் போகாமல் காவல் காப்பது வேறு ஒரு வேலை.

எல்லாம் முடிந்தது, நீளம் மட்டும் அறுக்கவில்லை. ஆறடிக்குக் கொஞ்சம் கூடுதலாக அப்படியே நிற்கிறது. அறுத்த கட்டையை நீட்ட முடியாது என்பது நம் பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அளவு கேட்கிறேன்.

நெற்றி மட்டம் என்னிடம் இருக்கிறது. நீ பதினோராம் வகுப்பு படிக்கும்போது பட்டறை நிலைக்காலில் உன்னை நிறுத்திப் பென்சிலால் போட்ட கோடு இன்னும் அழியவில்லை. சிலம்பக் கம்பு ஆளின் நெற்றிக்கு வர வேண்டும் என்று உன் வாத்தியார் சொல்லி அனுப்பி, நான் மூங்கிலில் அறுத்துக் கொடுத்தேன். ஊரில் பெண்பிள்ளை கம்பு எடுத்தது நீதான் முதல். "பொட்டப் பிள்ளைக்குக் கம்பு எதற்கு" என்று கேட்டவர்களின் பேரெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது, அவர்கள் வீட்டுப் பேத்திகள் இப்போது அதே திடலில் சுற்றுகிறார்கள். முதல் ஆறு மாதம் வாத்தியார் உன் கையில் கம்பே கொடுக்காமல் காலடி மட்டும் போடச் சொன்னார். வீட்டுக்கு வந்து அழுதாய். கம்பு சுற்றுவதற்குக் கை போதும், சிலம்பம் ஆடுவதற்குக் கால் வேண்டும் என்று அவர் சொன்னதை நீதான் எனக்குச் சொன்னாய். மாவட்டத்தில் நீ வாங்கிய சான்றிதழுக்குத் தேக்கில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். அந்தத் தேக்குத் துண்டு ஒரு பணக்கார வீட்டு வாசக்கால் வேலையில் மிஞ்சியது, அவர்களுக்குத் தெரியாது.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்தபோது, பத்திரிகையில் வந்ததை வெட்டி உனக்கு அனுப்பினேன். அப்போதெல்லாம் நீ உடனே பதில் போடுவாய். "வாத்தியாரிடம் காட்டினீர்களா அப்பா" என்று கேட்டாய். காட்டினேன். சென்ற வாரமும் அவரைக் கடைத்தெருவில் பார்த்தேன். "பாப்பா வந்தால் திடலுக்கு வரச் சொல்லுங்கள், சின்னப் பிள்ளைகளுக்கு நாலு சுவடு போட்டுக் காட்டட்டும்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்வது?

சிலம்பத்துக்குப் பூவரசு சரிப்படாது, அது எனக்கும் தெரியும். கனம் அதிகம், மூங்கிலுக்கும் பிரம்புக்கும் உள்ள துள்ளல் இதற்கு வராது. இது ஊன்றி நடக்கிற கம்புதான். மலை ஏறுகிறவர்களுக்கு நெஞ்சு மட்டத்தில் பிடிக்கிற மாதிரி நீளமாக வைக்கலாம். இல்லை, அன்றாடம் நடக்கிறவர்களுக்கென்றால் அளவு வேறு. கையைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நிற்க வேண்டும், தரையிலிருந்து மணிக்கட்டில் கோடு விழுகிற இடம் வரை எவ்வளவோ அவ்வளவு. அப்படி அறுத்தால் பிடிக்கும்போது முழங்கை லேசாக மடங்கி நிற்கும். குட்டையானால் ஆள் ஒரு பக்கம் சாய்ந்து முதுகு பிடித்துக்கொள்ளும். நீளமானால் தோள் தூக்கிக்கொள்ளும், பாரம் கம்பில் இறங்காது. ஒரு நூல் அளவு பிசகினாலும் சாயங்காலத்தில் உடம்பு சொல்லிவிடும்.

எந்த அளவு வேண்டும் என்று மட்டும் எழுது. மணிக்கட்டு மட்டமா, நெற்றி மட்டமா, இல்லை கம்பே வேண்டாமா. கம்பே வேண்டாம் என்று எழுதினால் எனக்கு இந்த வருடத்தில் அதைவிடச் சந்தோஷமான செய்தி கிடையாது.

எந்தக் கையில் பிடிப்பாய் என்பதையும் எழுது, பிடியில் விரல் பதிகிற பள்ளத்தை அதற்கேற்பச் செதுக்க வேண்டும். நோவு எந்தக் காலிலோ அதற்கு எதிர்க் கையில்தான் கம்பைப் பிடிக்க வேண்டும். பலர் நோகிற பக்கமே பிடித்துக்கொண்டு நொண்டுகிறார்கள், அது தப்பு. நோகிற காலும் கம்பும் சேர்ந்து முன்னே போக வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகிற கால் முதலில். இதையெல்லாம் பட்டுக்கோட்டையில் எலும்பு டாக்டரிடம் உட்கார்ந்து கேட்டு வந்தேன். யாருக்கு என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். நடந்து காட்டச் சொன்னார். நடந்தேன். "உங்களுக்கு ஒன்றும் இல்லையே" என்று முகத்தைப் பார்த்தார். ஃபீஸ் வாங்கிக்கொண்டுதான் விட்டார்.

கம்பின் அடிக்குப் பித்தளைப் பூண் போட்டு வைத்தேன், பிறகு கழற்றிவிட்டேன். மண்ணுக்கும் கல்லுக்கும் பூண் சரி. டைல்ஸ் போட்ட ஆபீசுக்கும் ரயில் நிலையப் படிக்கும் ஆபத்து, வழுக்கும். மருந்துக் கடையில் ரப்பர் புஷ் விற்கிறார்கள், தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். இரண்டாக வாங்கி வைத்திருக்கிறேன். தேய்ந்து வழவழப்பானதும் மாற்றிவிட வேண்டும், இன்னும் நாலு நாள் ஓட்டலாம் என்று வைத்திருக்கக் கூடாது. மழை நாளில் உள்ளே வந்ததும் புஷ்ஷைத் துடைக்க வேண்டும். ஈர ரப்பர் டைல்ஸில் பூணைவிட மோசம். திரும்பச் சொல்கிறேன், துடைக்க வேண்டும்.

உன் அம்மா நீ யாரையோ பார்த்துவிட்டாய் என்று நினைக்கிறாள். அதனால்தான் ஊருக்கு வர மறுக்கிறாய், வீடியோவில் முகத்தை மட்டும் காட்டிவிட்டு வைத்துவிடுகிறாய் என்பது அவள் கணக்கு. ராத்திரி எழுப்பி, பையன் எந்த ஊராக இருக்கும் என்று என்னிடம் கேட்கிறாள். நான் மறுக்கவில்லை. அவள் அதை நினைத்தே கவலைப்படட்டும், அந்தக் கவலைக்கு முகூர்த்தம் வைத்து முடிவு கட்டிவிடலாம்.

சித்திரையில் வண்டி இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஸ்கூட்டர் உன் அம்மா பேரில்தானே இருக்கிறது, அதனால் இங்கே வந்தது. நல்லவேளை, தபால்காரர் பட்டறையில் கொடுத்தார். முன் சக்கரம், ஃபோர்க், ஹேண்டில் எல்லாம் மாற்ற வேண்டும் என்று வரிசையாக விலை போட்டிருந்தார்கள். இரும்புக்கெல்லாம் கணக்கு இருந்தது. ஓட்டியவளைப் பற்றி ஒரு வரி இல்லை. அன்று மாலை உனக்குப் போன் செய்தேன். நன்றாக இருக்கிறேன் அப்பா என்றாய். வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டேன். சர்வீசுக்கு விட்டிருக்கிறேன் என்றாய். சர்வீசாம்!

ஆனியில் உன் சின்ன அத்தை மகன் தாம்பரம் ஸ்டேஷனில் உன்னைப் பார்த்திருக்கிறான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக, இரண்டு காலையும் ஒரே படியில் வைத்து வைத்து இறங்கினாயாம். கூப்பிட்டானாம். நீ திரும்பவில்லையாம். அவன் நல்ல பையன், என்னிடம் மட்டும் சொன்னான். கேட்டுக்கொண்டு, அன்றைக்கு முழுக்க யார் வீட்டு ஜன்னலுக்கோ சட்டம் இழைத்துக்கொண்டிருந்தேன்.

திட்டுவதற்காக எழுதவில்லை. திட்ட வேண்டும் என்றும் இருக்கிறது. ஆபரேஷன் என்றால் பக்கத்தில் யார் இருந்தார்கள்? கஞ்சி யார் கொடுத்தார்கள்? அறைத் தோழி பார்த்துக்கொண்டாள் என்றால் அந்தப் பிள்ளைக்கு நான் ஒரு நல்ல அலமாரி செய்து தருவேன், நிஜமாகத்தான் சொல்கிறேன், அளவு வாங்கி அனுப்பு. ஆனால் பெற்றவர்கள் ஒரு ராத்திரிப் பயணத்தில் இருக்கும்போது ஊரார் பிள்ளை கஞ்சி ஊட்டினாள் என்றால் அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? என் இடது கைச் சுண்டுவிரல் கதையை இந்த இடத்தில் இழுக்காதே. அது வேறு, அப்போது போன் கிடையாது.

கட்டுப் போடுகிறவர்களிடம் போகாதே. போயிருந்தால் இனிப் போகாதே. படம் எடுத்துப் பார்த்த டாக்டர் சொல்வதைக் கேள். உடற்பயிற்சி சொல்லியிருப்பார்கள், வலிக்கிறது என்று விட்டுவிடாதே, காலடி வரிசையை ஆறு மாதம் போட்டவளுக்கு இது ஒன்றும் பெரிதில்லை. வேலை வேலை என்று அதை விட்டிருப்பாய். எனக்கு உன்னைத் தெரியும். விடாதே.

பணத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறேன், உன் தம்பி செல்போனில் அனுப்பிவிடுவான். மருந்துச் செலவுக்கு வைத்துக்கொள். இங்கே வேலை இருக்கிறது. ஆவணி முகூர்த்தம் என்பதால் கட்டில் இரண்டும் பீரோ ஒன்றும் கையில் இருக்கிறது. சிவப்பு ஆடு இரண்டு குட்டி போட்டது, இரண்டும் கிடா. மோட்டார் பழையபடி மக்கர் செய்கிறது. வேறு செய்தி ஒன்றும் இல்லை, இருந்தாலும் இப்போது ஞாபகம் வரவில்லை.

இந்தக் கடிதம் கிடைத்ததும் பதில் எழுதுவாய் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஆகையால் உன் தம்பிக்கு வருகிற வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. சனிக்கிழமை காலையில் வந்துவிடுவான். அம்மாவிடம் வேலைக்கு நேர்காணல் என்று சொல்லியிருக்கிறோம். அவன் பையில் என் அளவு நாடா இருக்கும். அவனுக்கு நாடாவைச் சரியாகப் பிடிக்கத் தெரியாது, தொங்கவிட்டுப் பிடிப்பான், நீ பார்த்துச் சொல். சுவரில் சாய்ந்து நிற்காதே, அளவு தப்பிவிடும். தினமும் போடுகிற செருப்பைப் போட்டுக்கொண்டு நில். வெறுங்காலில் எடுத்த அளவு எனக்கு உதவாது.

இப்படிக்கு,
அப்பா